கடைசி இரண்டு புள்ளிகள்

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கப் போகிறவர்கள் கையில் ஒரு போத்தல் உப்புத் தண்ணீர் இருக்கும். இரண்டாம் ஆண்டில் முதல்தடவை வெளிக்கள வேலைக்குப் போனபோது மூத்த மாணவி ஒருத்தி எனக்கு அதைச் சொல்லித் தந்தாள். காய்ந்த மண்ணில் இரும்பு முளையை அடித்தால் மின்சாரம் சரியாக இறங்காது. முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றினால் இறங்கும். அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் இரண்டு பிடி கல்லுப்பைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு போவேன். மலைநாட்டில் படித்த காலத்தில் அந்தப் போத்தலை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தடயப் பொருளாக மாறியது.

நான் சந்தேகக்காரி. இதை மறைத்து எழுதினால் மற்றதொன்றும் விளங்காது. நாவற்குடாவில் எங்கள் வீட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. வாங்கி வந்த பிறகும் அம்மா இன்னொருதரம் தூக்கிப் பார்ப்பார். கதவைப் பூட்டியவர் பூட்டை இழுத்துப் பார்ப்பார், பின்னால் வருகிறவர் மறுபடியும் இழுப்பார். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் "என்ன வேணுமாம்?" என்று கேட்கிற வீடு. நான் சிறுமியாக இருந்த போர்க்காலத்தில் வாசலில் நின்று பெயர் கேட்டவர்கள் எல்லோரும் நல்லதுக்கு வந்தவர்கள் அல்லர். அதனால் வீட்டாரை நான் குறை சொல்வதில்லை. அந்தக் குணம் பெட்டியோடு பெட்டியாகப் பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேர்ந்தது.

புவிப்பௌதிகவியல் அந்தக் குணத்துக்குத் தீனி போட்ட பாடம். "நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நீங்கள் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஒரு வளைகோட்டுக்குப் பத்து விதமான நிலம் பொருந்தும். எதையும் உடனே நம்பாதீர்கள்" என்றார் விரிவுரையாளர் முதல் வகுப்பிலேயே. மற்றவர்கள் முகம் வாடியது. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நம்பாமல் இருப்பதற்குப் பட்டம் தருகிறார்கள் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆய்வுகூடத்தில் அடுத்தவர்களின் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் கிடையாது. வகுப்பில் என்னை 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிட்டார்கள். கோபப்படுவது போல நடித்தேன், உள்ளுக்குள் பெருமைதான்.

இறுதியாண்டு ஆய்வுக்கு நானே கேட்டு வாங்கிய தலைப்பு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உவர் நீர் நிலத்துக்கடியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது. பழுகாமத்துக்கு அப்பால் கரையோரமாக ஒரு சிறு கிராமம். பெயர் வேண்டாம். ஒரு பக்கம் வட்டை என்கிற வயல்வெளி, மறுபக்கம் வாவி, நடுவில் மணல் திட்டில் வீடுகள். அங்கே கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்துக்கொண்டு வந்தன.

தனியாக இந்த வேலையைச் செய்ய முடியாது. என் வகுப்பில் எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்தவன் இன்னொருவன்தான், ஏறாவூர்க்காரன், முஸ்லிம். அவனுடைய ஆய்வுக்கு நான் முளை அடிக்க வேண்டும், என்னுடையதற்கு அவன் கருவியைப் பார்த்து இலக்கம் எழுத வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அதிகம் பேசமாட்டான். எறும்பு எழுத்தில், ஆனால் வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதுவான். நான்கு ஆண்டுகளில் அவனோடு நான் சண்டை போட்டதில்லை. சண்டை போடாதவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ ஒன்றில் கருவிப் பெட்டி, கார் பற்றரி, வயர்ச் சுருள்கள், இரண்டு சுத்தியல், உப்புப் போத்தல்கள் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோம். இறங்கி முதல் முளையை அடிப்பதற்குள் சைக்கிளில் ஒருவர் வந்து காலை ஊன்றிக்கொண்டார். வயது ஐம்பது இருக்கும். அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர் என்று பிறகு தெரிந்தது.

"என்னத்துக்குக் கட்டை அடிக்கிறீங்க?"

படிப்புக்கு என்றேன். கிராம சேவையாளரிடம் சொல்லியிருக்கிறோம், கடிதம் இருக்கிறது என்றேன். கடிதத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"படிப்புக்கெண்டுதான் எல்லாரும் வாறாங்க. முந்தி வந்து கட்டை அடிச்ச ஆக்களும் ஒண்ணுமில்ல, சும்மா அளக்கிறம் எண்டாங்க. மறுகா வந்து காணி உங்கட இல்ல எண்டாங்க" என்றார். பிறகு கருவியில் குனிந்திருந்தவனைத் தாடையால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொடியன் எந்த ஊர்?"

"ஏறாவூர்."

"அவங்கட ஆக்களுக்கு இஞ்ச என்ன வேலை?"

"என்னோட படிக்கிறவர். என்ன வேலைக்கு நான் வந்தனோ அதே வேலைக்குத்தான் அவரும் வந்திரிக்கார்" என்றேன் சூடாக. அவர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு நிழலில் உட்கார்ந்தார். போகவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அடுத்த முளையை அடித்தேன். அன்றைக்கு என் நேர்மையைப் பற்றி எனக்கிருந்த திருப்தி கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் அளந்த கோடு ஓர் அக்காவின் வீட்டு வளவுக்குள்ளால் போனது. கோட்டின் நடுப்புள்ளி அவருடைய கிணற்றுக்குப் பக்கத்தில். மணலில் சிமெந்து வளையங்கள் இறக்கிய கிணறு. அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகளெல்லாம் வாயில் வைக்க முடியாமல் போய்விட்டன, இது ஒன்றுதான் மிச்சம். எட்டு வீட்டார் குடத்தோடும் வாளியோடும் வருவார்கள். அக்கா யாரையும் மறித்ததில்லை. வெண்டியும் பயிற்றையும் வைத்திருந்தார், அவற்றுக்கு ஊற்றி மிஞ்சுவதைத்தான் வீட்டுக்கு எடுப்பார். அந்த ஆவணியில் கிணறு வற்றத் தொடங்கியிருந்தது. காலையில் வந்தவர்களுக்குத் தெளிந்த தண்ணீர், பத்து மணிக்கு வந்தவர்களுக்குக் கலங்கல்.

"புள்ள, உன்ட மிஷினுக்குக் கீழ எவ்வளவு தண்ணி இரிக்கெண்டு தெரியுமா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் அக்கா வந்திரிக்கம்."

"அப்ப பாத்துச் சொல்லுகா. இன்னும் ரெண்டு வளையம் இறக்கினா எட்டு வீட்டுக்கும் காணும். இறக்கலாமா கூடாதா எண்டு சொல்லுறதுக்கு இஞ்ச ஒராளில்ல."

சொல்கிறேன் என்றேன். கேட்டது அவர், சொல்லப் போவது நான் என்பது அந்த நேரம் மிகவும் இனிப்பாக இருந்தது.

வேலை எளிதானது, உடம்புதான் நோகும். நடுவில் இரண்டு முளை, வெளியில் இரண்டு முளை. வெளி முளைகள் இரண்டையும் நடுவிலிருந்து தள்ளித் தள்ளி அடித்துக்கொண்டே போக வேண்டும். தூரம் கூடக் கூட மின்சாரம் ஆழமாகப் போய் வரும். அவன் நடுவில் கருவியோடு உட்கார்ந்திருந்தான். நான் சுத்தியலோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். ஒவ்வொரு முளைக்கும் போத்தலைச் சரித்து உப்புத் தண்ணீர் ஊற்றினேன். நான் கை தூக்கினால் அவன் அளப்பான், அவன் கை தூக்கினால் நான் அடுத்த இடத்துக்கு நகர்வேன். காய்ந்த மணலுக்கு மின்தடை இலக்கம் பெரிதாக வரும். நல்ல தண்ணீர் உள்ள மண்ணுக்குக் குறையும். உப்பு நீருக்கு ஒரேயடியாக விழும். இவ்வளவு தெரிந்தால் மிச்சக் கதைக்குப் போதும்.

பதினொரு மணிக்குப் பிறகு அவன் கைபேசியில் நேரம் பார்க்கத் தொடங்கினான். ஜும்மாத் தொழுகைக்குப் போக வேண்டும், பாலத்தைக் கடந்து பஸ் பிடித்துத்தான் போகலாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தான். எனக்கு அது மறந்திருக்கவில்லை. கடைசி இரண்டு அளவுகளும் மிச்சமிருந்தபோது அவன் நேரம் பார்த்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து தடவை.

கடைசி இரண்டுக்கும் என்னை வெயிலில் நிறுத்திவைத்தான். நான் கை தூக்கினேன், அவன் தூக்கவில்லை. பிறகு, "இன்னொருக்கா உப்புத் தண்ணி ஊத்து" என்று கத்தினான். ஊற்றினேன். மற்ற முனைக்கும் ஓடிப்போய் ஊற்றினேன். மறுபடியும் காத்திருப்பு. அவன் குனிந்தபடியே இருந்தான். கைபேசியைத்தான் நோண்டுகிறான் என்று நினைத்தேன். நிழலில் இருந்த சங்கத் தலைவர் எழுந்து வந்து, நான் போத்தலைச் சரிப்பதைப் படம் பிடித்தார். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாமான்களைச் சுருட்டும்போது அவன் சொன்னான்: "கடைசி ரெண்டும் நல்லா விழுந்திரிக்கு. பாத்துக்க."

"அவசரத்தில எடுத்தா விழாம என்ன செய்யும்?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. பற்றரியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு நடந்தான். பதில் சொல்லாதவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரட்டிக்கும்.

வீட்டுக்கு வந்து புள்ளிகளைத் தாளில் குறித்தேன். மேலிருந்து அழகாக இறங்கி, நல்ல தண்ணீர் உள்ள மணலில் சமநிலைக்கு வந்து நின்றது வளைகோடு. கடைசி இரண்டு புள்ளிகள் மட்டும் படியில் தவறி விழுந்தவை மாதிரி எங்கோ கீழே கிடந்தன. அவனுடைய குறிப்பேட்டைப் பார்த்தேன். அந்த இரண்டு இடத்திலும் இலக்கத்துக்குக் கீழே இன்னும் சிறிதாக இன்னோர் இலக்கம், கிட்டத்தட்ட அதே இலக்கம். எழுதிவிட்டுத் திருத்தியிருக்கிறான், என்ன எழுதினோம் என்று அவனுக்கே நிச்சயமில்லை என்று முடிவு கட்டினேன். வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதுகிறவன் அவசரத்தில் உளறியிருக்கிறான்.

மேற்பார்வையாளருக்கு அழைத்து, கடைசி இரண்டு புள்ளிகள் சந்தேகமாக இருக்கின்றன என்றேன். "கள நிலைமை உனக்குத்தான் தெரியும். முடிந்தால் திரும்ப அளந்து பார். இல்லாவிட்டால் நீயே முடிவெடு" என்றார். திரும்ப அளப்பதென்றால் ஓட்டோ, பற்றரி, அவன், சங்கத் தலைவர் எல்லாம் முதலிலிருந்து. நானே முடிவெடுத்தேன். பென்சிலால் இரண்டு புள்ளிகளையும் வட்டமிட்டுக் குறுக்கே கோடு கீறினேன். மிச்சப் புள்ளிகளோடு வளைகோடு நன்றாகப் பொருந்தியது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டிருக்கலாம். ஓர் அழைப்பு, ஒரு நிமிடம். ஏன் கேட்கவில்லை என்பதற்கு அந்த நேரம் ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். உண்மையான காரணம் அசிங்கமானது. எங்கள் நகரத்தில் ஒரு தமிழ் ஊருக்கும் அடுத்த முஸ்லிம் ஊருக்கும் நடுவில் ஒரு வரவேற்பு வளைவுப் பலகைதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தாரைப் பற்றி இந்தப் பக்கத்திலும், இந்தப் பக்கத்தாரைப் பற்றி அந்தப் பக்கத்திலும் சாப்பாட்டு மேசையில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். அவனுக்கு வேலையைவிட மற்றது பெரிது, வேலையைக் கைவிட்டு ஓடியிருப்பான் என்று நான் அவ்வளவு சுலபமாக நம்பியதற்கு அந்தப் பேச்சுத்தான் அத்திவாரம். வேறொருவன் தலையிடி என்று நேரம் பார்த்திருந்தால் இப்படி எண்ணியிருக்கமாட்டேன். சங்கத் தலைவரிடம் அவனுக்காக வாயால் சண்டை பிடித்தேன், வீட்டுக்கு வந்து பென்சிலால் அவனை வெட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கிணற்று மட்டங்களை அளப்பதற்காகத் தனியாகப் போனேன். அக்கா வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன புள்ள சொல்லுது உன்ட மிஷின்?"

"கீழ நல்ல தண்ணி இரிக்கு அக்கா. ரெண்டு வளையம் தாராளமா இறக்கலாம்."

அவருடைய முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எனக்குக் கச்சான் கடலையும் பிளேன்டீயும் தந்தார். பக்கத்து வீட்டுக்காரியை வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "கம்பஸ் புள்ள சொல்லிட்டுது, இறக்கலாமாம்" என்றார். எட்டு வீட்டாரும் கூடி உழைத்து அடுத்த கிழமையே வளையங்களை இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி ஆய்வறிக்கை எழுதத் தொடங்கினேன்.

புரட்டாதி முடியும் தறுவாயில் அழைப்பு வந்தது. அக்காவின் குரல் என்று முதலில் தெரியவில்லை.

"புள்ள, கிணத்துத் தண்ணி உப்பு."

"எவ்வளவு அக்கா?"

"வாயில வைக்கேலாது. பயித்தங்கொடி எல்லாம் நுனி கருகிட்டு. இஞ்ச தலைவர் போனில படம் காட்டிட்டுத் திரியிறார். நீதான் கிணத்தடியில உப்புக் கரைச்சி ஊத்தினயாம். இறால் பண்ணைக்கு இடம் எடுக்கிறதுக்கு, எங்கள இஞ்சயிருந்து எழுப்புறதுக்கு உன்ன ஆரோ அனுப்பினாங்களாம். நான் நம்பேல்ல. ஆனா நீ ஊத்தினதை நானும் கண்டன்தானே?"

சிரிப்பு வந்தது, உடனே எரிச்சல் வந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. இரண்டு போத்தல் உப்பால் ஒரு கிணற்றை உவராக்கலாம் என்றால் இறால் பண்ணைக்காரர்கள் வாவித் தண்ணீரை ஏன் மோட்டார் போட்டு இழுக்கிறார்கள்? சனிக்கிழமை வருகிறேன், எல்லோரையும் வரச் சொல்லுங்கள், நான் விளங்கப்படுத்துகிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போதே கணக்கைப் போட்டேன். கிணற்றில் இத்தனை லீற்றர், என் போத்தல்களில் இத்தனை பிடி உப்பு, நேராகக் கிணற்றுக்குள்ளேயே கொட்டியிருந்தாலும் நாக்கு கண்டுபிடிக்காது. கணக்கு இரும்பு மாதிரி நின்றது.

வெள்ளி பின்னேரம் நாவற்குடாவில் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். ஊர் வாயை மூடக் கணக்கு மட்டும் போதாது, உவர் எங்கிருந்து வந்தது என்றும் காட்ட வேண்டும். அதற்காகத்தான் குறிப்பேட்டைத் திரும்ப எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கீழே உப்பு நீர் இருந்தால் கடைசி இரண்டு புள்ளிகளும் எங்கே விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவை அங்கேதான் விழுந்திருந்தன. நான் கீறிய கோடு அவற்றுக்கு மேலால் போனது.

அவனுக்கு அழைத்தேன்.

"கடைசி ரெண்டுக்கும் கீழ இன்னொரு நம்பர் எழுதியிரிக்காய். திருத்தினதா?"

"திருத்தேல்ல. திருப்பி எடுத்தது. முதல் நம்பர் விழுந்தோண்ண எனக்கு நம்பிக்கை வரேல்ல. நான்தான் பிழையாப் பாத்திட்டனோ எண்டு உன்ன இன்னொருக்கா உப்புத் தண்ணி ஊத்தச் சொல்லி, திருப்பி எடுத்தன். ரெண்டுக்கும் அப்பிடித்தான். ஒரே மாதிரித்தான் வந்திச்சி."

"நீ அவசரப்பட்டாயெண்டு..."

"அவசரப்பட்டா ரெண்டு தரம் எடுப்பனா?" என்றான். பிறகு, "அண்டைக்கு ஜும்மா எனக்குத் தப்பிட்டு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் தப்பிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான்.

கிணற்றைப் பற்றிச் சொன்னேன். "வளையம் இறக்கச் சொன்னயா? நீயா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, நாளைக்கு நானும் வாறன் என்றான். நான் வரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இருக்கவில்லை.

நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக மேலே மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, நான் இறக்கலாம் என்று சொன்ன ஆழத்துக்குச் சற்றுக் கீழே, வாவி வந்து காத்திருந்தது. வளையத்தை இறக்கி இறைக்க இறைக்க அது மேலே ஏறிவிட்டது. அன்று பின்னேரம் முழுவதும் அம்மா கூப்பிட்டும் நான் மேசையை விட்டு எழும்பவில்லை.

சனிக்கிழமை கிணற்றடியில் இருபது பேர் வரை நின்றார்கள். தலைவர் தன் கைபேசியை நீட்டிப் படத்தைக் காட்டினார். நான்தான், போத்தல் சரிந்தபடி, முகம் சுளித்தபடி. "இது நீதானே?" என்றார். நான்தான் என்றேன். பிறகு கணக்கைச் சொன்னேன். அவர்களுக்கு முன்னாலேயே ஒரு பிடி உப்பை எடுத்து, ஒரு வாளிக்கு எவ்வளவு, நூறு வாளிக்கு எவ்வளவு என்று காட்டினேன். அவர்கள் விளக்கம் இல்லாதவர்கள் அல்லர். உப்போடு பிறந்து வளர்ந்தவர்கள், எவ்வளவு உப்பு எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். தலைவரே மெதுவாகக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார்.

"அப்ப ஆத்துத் தண்ணி ஏறியிரிக்கு. சரி, ஆர் என்ன செய்யுறது" என்றார் ஒருவர். வாவியைத்தான் அங்கே ஆறு என்பார்கள். கூட்டம் கலைய ஆயத்தமானது.

அந்த இடத்தில் நான் தப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. வட்டமிட்ட இரண்டு புள்ளிகளும் என் பையில் இருந்தன, அவன் வாய் திறக்கமாட்டான், வாவியின் மேல் பழியைப் போட்டால் வாவி மறுத்துப் பேசாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அன்றைக்கு எல்லோரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகத் தயாராக நின்றார்கள். அவன் என் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்க்கிறான் என எனக்குத் தோன்றியது. அதுவும் சந்தேகம்தான்.

அக்காதான் கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, உண்மையாகவே விளங்காமல். "அப்ப கீழ நல்ல தண்ணி இரிக்கெண்டு உன்ட மிஷின் சொன்னதெண்டயே புள்ள?"

"மிஷின் சொல்லல்ல அக்கா. கீழ உப்பு இரிக்கெண்டுதான் மிஷின் சொன்னது. இவர் ரெண்டு தரம் அளந்து எழுதித் தந்தவர். நான் நம்பேல்ல. வெட்டிப்போட்டு, நல்ல தண்ணி எண்டு உங்களுக்குச் சொன்னன்."

தலைவர் என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது என்னவென்று நான் படித்தறிய முயலவில்லை, படிப்பதில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. என்னை யாரோ அனுப்பியதாக ஊர் சந்தேகப்பட்டது பிழை. போத்தலைச் சந்தேகப்பட்டதும் பிழை. ஆனால் கிணற்றைக் கெடுத்தது இந்தப் பெண்தான் என்று சந்தேகப்பட்டார்களே, அதில் எள்ளளவும் பிழை இல்லை.

அக்கா அழவில்லை, ஏசவும் இல்லை. கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு, "எட்டு வீடு புள்ள" என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

என்ன செய்யலாம் என்று அவன்தான் சொன்னான். இறக்கிய இரண்டு வளையங்களின் ஆழத்துக்கும் சுத்தமான மணலைக் கொட்டி அடைக்க வேண்டும். இறைப்பதைக் குறைக்க வேண்டும், மோட்டார் கூடாது, வாளியால் மட்டும். மாரி நன்றாகப் பெய்தால் மேல்படை மறுபடியும் சேரலாம். "சேரும் எண்டு நான் சொல்லமாட்டன், சேரலாம்" என்றான். நான் சொன்ன 'தாராளமா இறக்கலாம்' இந்த மாதிரி 'லாம்' அல்ல. அன்றைக்கும் மறுநாளும் மணல் சுமந்தோம். தலைவர் தன் சைக்கிளில் மூட்டை கட்டி ஏற்றி வந்தார், எங்களோடு ஒரு வார்த்தையும் பேசாமல். மாரி வரும்வரை எட்டு வீட்டாரும் தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாள் பார்த்து வீதியில் குடங்களை வரிசையாக வைத்தார்கள்.

ஆய்வறிக்கையில் இரண்டு புள்ளிகளையும் திரும்பச் சேர்த்தேன். ஏன் முதலில் நீக்கினேன் என்றும் ஒரு பந்தி எழுதினேன். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, "இது அறிவியல் அறிக்கை, பாவமன்னிப்பு அல்ல" என்று பாதியை வெட்டினார். வெட்டாமல் விட்ட பாதியில் அவன் இரண்டு தரம் அளந்தான் என்பது இருக்கிறது. அது போதும்.

அந்த முறை மாரி நன்றாகப் பெய்தது. தை பிறந்த பிறகு அக்கா எனக்கு அழைக்கவில்லை, அவனுக்கு அழைத்தார். அவன்தான் என்னையும் வரச் சொன்னான். வட்டை பச்சையாகக் கிடந்தது, வாவி கரை முட்டி நின்றது. கிணற்றடியில் அக்கா வாளியை இறக்கி மேல் தண்ணீரை மெதுவாக மொண்டார். ஒரு செம்பில் ஊற்றினார். நான் கையை நீட்டினேன். பழக்கதோஷம்.

அக்கா என் கையைப் பார்த்தார். பிறகு செம்பை அவனிடம் கொடுத்தார்.

"தம்பி, நீ குடிச்சிப் பாத்துச் சொல்லு."

அவன் குடித்தான். வாயில் வைத்திருந்து விழுங்கினான். எங்கள் எல்லோருடைய கண்ணும் அவன் தொண்டையில் இருந்தது. அவன் செம்பைத் திரும்ப நீட்டினான்.

"இன்னொருக்கா ஊத்துங்க அக்கா."

இரண்டாம் தரமும் குடித்தான். "ஒள்ளம் உவர் இரிக்கு, கொஞ்சமாத்தான். ஆனா குடிக்கலாம்" என்றான்.

குறிப்பேடு என் கையில் இருந்தது. எனக்கு ஒரு மிடறு யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். கீழே, சிறிய எழுத்தில், இரண்டு தரம் பார்த்தது என்றும் எழுதினேன்.